மரங்களை எண்ணிய மருத்துவர்

காஞ்சி என்றவுடன் பட்டு நினைவுக்கு வரும். கோபுரம் நினைவுக்கு வரும். மரம் நினைவுக்கு வருவது அரிது. ஆயினும் ஒரு நெசவாளர் இல்லத்தினுள் நுழைந்து தறியைச் சற்றே உற்று நோக்குவோமாயின், பட்டுக்கு முன்னதாக மரமே நம் கண்ணிற் படும். தறிக்கால் மரம், நெய்த சேலையைச் சுருட்டி வாங்கும் படைமரம் பெயரிலேயே மரம், பாவின் ஊடே ஓடித் திரும்பும் நாடா மரம், கால்கள் மாறி மாறி அழுத்தும் மிதிபலகை மரம். சாயக் கொப்பரையின் அடியில் தலைமுறை தலைமுறையாக எரிந்ததும் விறகே. நம் இல்லத்துப் பெண்மக்கள் இன்றும் விரும்பிக் கேட்கும் 'அரக்கு' நிறத்தின் பெயர் எங்கிருந்து வந்தது? புரசு போன்ற காட்டு மரங்களின் கிளைகளில் ஒட்டி வாழும் சிறு பூச்சிகள் சுரந்த அரக்கிலிருந்து எடுக்கப்பட்ட சிவப்பு அது. செயற்கைச் சாயங்கள் வந்து நூறாண்டுகளுக்கு மேலாகியும் பெயர் மட்டும் காட்டை மறவாமல் நிற்கிறது. பட்டு நகரம் என்பது, சிந்தித்துப் பார்த்தால், காட்டை நம்பி வாழ்ந்த நகரமே.

சென்ற திங்கள் இப்பகுதியில் நம் வட்டாரத்து ஏரிகளைப் பற்றி எழுதியிருந்தோம். ஏரிக்கு நீர் வந்த வழியைத் தேடிச் சென்றால் ஆறு. ஆற்றின் வழியே மேலேறிச் சென்றால் மலை. மலையின் மேல் காடு. அந்தக் காடுகள் கண்ணெதிரே கரைந்து போகின்றன என்று, ஏறத்தாழ நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன்னரே கணக்கெடுத்து எச்சரித்தவர் ஒருவர் உண்டு. அவர் தொழிலால் மருத்துவர்; ஆர்வத்தால் தாவரவியலார்; பதவியால் சென்னை மாகாணத்தின் முதல் காட்டுப் பாதுகாவலர். ஹியூ கிளெக்கார்ன் என்ற அவரது வாழ்க்கையையும் பணியையும், அவற்றின் நிறைகுறைகளோடு இத்திங்கள் காண்போம்.

சென்னையில் பிறந்த ஸ்காட்லாந்தியர்

கிளெக்கார்ன் 1820-ஆம் ஆண்டு ஆகஸ்டு 9-ஆம் நாள் சென்னையிலேயே பிறந்தார். தந்தை பேட்ரிக் கிளெக்கார்ன், சென்னை உச்ச நீதிமன்றத்தில் அலுவல் பார்த்தவர். பாட்டனார் பெயரும் ஹியூ கிளெக்கார்ன்தான். அவர் ஸ்காட்லாந்திலுள்ள செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராயிருந்து, பின்னர் ஒல்லாந்தர் வசமிருந்த இலங்கை ஆங்கிலேயர் கைக்கு மாறிய நிகழ்ச்சியில் முக்கிய பங்கேற்று, அத்தீவின் முதல் குடியேற்றச் செயலாளராகவும் விளங்கியவர். அக்கால வழக்கப்படி பேரனும் நான்கு வயதிலேயே கப்பலேற்றித் தாயகத்துக்கு அனுப்பப்பட்டான். பாட்டனாரின் பண்ணை வீட்டில் வளர்ந்து, எடின்பரோவில் மருத்துவம் பயின்று, 1841-ல் பட்டம் பெற்றான். மறு ஆண்டே, 1842-ல், கிழக்கிந்தியக் கம்பெனியின் உதவி மருத்துவராகத் தான் பிறந்த சென்னைக்கே திரும்பி வந்தான்.

ஒரு மருத்துவர் எவ்வாறு மரங்களின் காவலரானார் என்று வாசகர் வியக்கக்கூடும். அந்நாளில் இது வியப்பன்று. மருந்துகளிற் பெரும்பாலானவை செடிகொடிகளிலிருந்தே எடுக்கப்பட்டமையால், மருத்துவ மாணவர் யாவரும் தாவரவியல் கற்றாக வேண்டும். நம் நாட்டுச் சித்த வைத்தியரும் மூலிகையை அறியாமல் வைத்தியராக முடியாது அல்லவா? பம்பாய் மாகாணத்தின் முதல் காட்டுப் பாதுகாவலரான அலெக்சாண்டர் கிப்சனும் மருத்துவரே. மரங்கள் ஈரத்தைக் காக்கின்றன, அவை அழியின் வறட்சி வரும் என்று 1849-ல் சென்னையில் கட்டுரை வெளியிட்ட எட்வர்டு பால்ஃபரும் மருத்துவரே. எழும்பூர் அருங்காட்சியகத்தை 1851-ல் தொடங்கி வைத்தவரும் அவர்தாம். நோயாளியின் நாடியைப் பிடித்துப் பழகிய கைகள் நாட்டின் நாடியையும் பிடித்துப் பார்த்தன எனலாம்.

நாளுக்கு ஒரு செடி

இளம் மருத்துவர் கிளெக்கார்ன் மைசூர்ப் பகுதியிலுள்ள சிமோகாவுக்கு அனுப்பப்பட்டார். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரம். சுற்றிலும் அடர்ந்த காடு. காய்ச்சலுக்குக் குறைவில்லாத ஊர். அங்கே அவர் ஒரு பழக்கத்தை மேற்கொண்டார். நாள்தோறும் ஒரு செடியை எடுத்துக்கொண்டு, சிறிது நேரமேனும் அதனை மட்டுமே ஆராய்வது. நாளொன்றுக்கு ஒன்றுதான், ஆனால் ஒரு நாளும் தவறுவதில்லை. இலை எத்தகையது, பூவில் இதழ் எத்தனை, விதை எங்கே ஒளிந்திருக்கிறது, உள்ளூர் மக்கள் அதனை என்ன பெயரிட்டு அழைக்கிறார்கள், எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்த்துப் பார்த்துக் குறித்தார். பறித்த செடி வாடிவிடும். ஆகவே நம் நாட்டு ஓவியர் ஒருவரை அமர்த்தி, செடியை உள்ளது உள்ளபடியே வண்ணத்தில் எழுதி வைக்கச் செய்தார்.

உடல்நலம் குன்றியமையால் 1848-ல் அவர் தாயகம் செல்ல நேர்ந்தது. அந்த ஓய்வுக்காலத்திலும் அவர் வாளாவிருந்தாரில்லை. வெப்ப நாடுகளின் காடுகள் அழிவதால் விளையும் தீங்குகள் யாவை என்று ஆராயுமாறு பிரிட்டிஷ் அறிவியல் சங்கம் ஒரு குழுவை அமைத்து, அதன் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தது. 1851-ல் இப்ஸ்விச் நகரில் கூடிய சங்கத்தின் மாநாட்டில் அவ்வறிக்கை படிக்கப்பட்டது. காடு அழிதல் என்பது மரவியாபாரியின் கவலை மட்டுமன்று, மண்ணையும் நீரையும் மக்களின் வாழ்வையும் பற்றிய கவலை என்று உலகுக்கு எடுத்துரைத்த தொடக்கக்கால அறிக்கைகளுள் அதுவும் ஒன்று. அதற்கான சான்றுகளிற் பல நம் தென்னாட்டிலிருந்து சென்றவை என்பதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும்.

மரங்களே மழையைக் கொண்டு வருகின்றனவா என்னும் வினாவில் அன்று தொட்டே அறிஞரிடையே வாதம் உண்டு. ஆயின் ஒரு செய்தியில் ஐயமில்லை. பெய்த மழையைக் காடு ஓடவிடாமல் பிடித்து நிறுத்துகிறது; வேர் வழியே மண்ணுக்குள் இறக்குகிறது; மழை நின்ற பின்னரும் ஊற்றாகச் சிறுகச் சிறுகத் தருகிறது. மொட்டை மலையில் பெய்த மழையோ ஒரே நாளில் செந்நீராய்ப் பாய்ந்து, மண்ணையும் வாரிக்கொண்டு கடலுக்குப் போய்விடும்.

பெயர் எழுதாத கைகள்

1852-ல் சென்னைக்குத் திரும்பிய கிளெக்கார்ன், சென்னை மருத்துவக் கல்லூரியில் தாவரவியலும் மருந்துப் பொருளியலும் கற்பிக்கும் பேராசிரியரானார். வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தின் செயலாளராகவும் பணியாற்றினார். ஓவியப் பணியும் தொடர்ந்தது. அவர் திரட்டிய ஓவியங்கள் ஏறத்தாழ மூவாயிரம். அவை இன்று எடின்பரோ அரசு தாவரவியல் தோட்டத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

அந்த ஓவியங்களை எழுதிய கைகள் நம்மவர் கைகள். அவருள் கோவிந்து என்பாரின் பெயர் நமக்குக் கிடைத்திருக்கிறது. கிளெக்கார்னுக்கு முன்னர் ராபர்ட் வைட் என்ற மற்றொரு மருத்துவர் தென்னிந்தியச் செடிகளைப் பற்றி 1838 முதல் 1853 வரை வெளியிட்ட பெருநூலில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் உள்ளன. அப்படங்களை எழுதிய ரங்கையா, கோவிந்து ஆகிய இருவரும் தஞ்சாவூரிலும் ஆந்திரத்திலும் தழைத்த பழைய ஓவிய மரபின் நுட்பத்தை அறிவியலுக்குத் தந்தவர்கள். உருப்பெருக்கிக் கண்ணாடியின் வழியே மகரந்தத்தையும் சூலையும் நோக்கி, மயிரிழை போன்ற கோடுகளால் அவற்றைத் தாளில் நிறுத்தினர். வைட் நன்றி மறவாதவர். தாம் விவரித்த கிழங்குப்பூச் செடியினமொன்றுக்குக் கோவிந்துவின் பெயரையே சூட்டினார். கிளெக்கார்னின் பெயரையும் ஒரு கொடியினத்துக்கு இட்டார்.

ஆயினும் பெயர் தெரியாமலே போனவர் எத்தனை பேர்! காட்டில் வழிகாட்டியவர், மரமேறிப் பூப்பறித்தவர், செடியின் பெயரைத் தம் மொழியில் சொல்லிக் கொடுத்தவர், தாளிடையே வைத்து உலர்த்தியவர் என அவர்களை எந்த நூலும் பட்டியலிடவில்லை. காஞ்சி மக்களாகிய நமக்கு இது புரியாத செய்தியன்று. திருமணப் பந்தலில் எல்லாரும் வியந்து பார்க்கும் சேலையில் அதனை நெய்தவர் பெயர் எங்கே இருக்கிறது? கடையின் பெயர் இருக்கும். பதினைந்து நாள் குழித்தறியில் காலை இறக்கி அமர்ந்தவர் பெயர் இராது.

தண்டவாளம் கேட்ட மரம்

1856-ஆம் ஆண்டு தென்னாட்டு வரலாற்றில் முக்கியமானது. அவ்வாண்டு ஜூலை முதல் நாள், இராயபுரத்திலிருந்து அரக்கோணம் வழியாக வாலாஜா ரோடு வரை, தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் பொதுமக்களுக்கென ஓடத் தொடங்கியது. அதே ஆண்டின் இறுதியில், ஆளுநர் ஹாரிஸ் பிரபுவின் அரசு கிளெக்கார்னைச் சென்னை மாகாணத்தின் காட்டுப் பாதுகாவலராக நியமித்தது. இரண்டும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தது தற்செயலன்று. தண்டவாளத்தின் அடியில் குறுக்கே இடும் சிலிப்பர் கட்டைகள் அந்நாளில் முழுதும் மரமே. இரும்பையும் எஞ்சினையும் சீமையிலிருந்து கப்பலில் கொண்டுவரலாம்; கட்டைகளை அருகிலுள்ள காடுகளே தர வேண்டும்.

புதிய பாதுகாவலர் முதலிற் செய்த பணி கணக்கெடுத்தல். சென்னை மாகாணத்து இருப்புப்பாதைகளுக்கு ஆண்டொன்றுக்கு 2,50,000 சிலிப்பர் கட்டைகள் வேண்டும். அதற்கு ஏறத்தாழ 35,000 மரங்கள் வீழ வேண்டும் என்பது அக்காலக் கணக்கு. தேக்கும் வேங்கையும் மருதும் ஆச்சாவும் போன்ற வைரம் பாய்ந்த மரங்களே இதற்கு உதவும். அவை ஒரு மனிதனின் ஆயுட்காலத்தில் வளர்ந்து முற்றுபவை. கட்டையோ வெயிலிலும் மழையிலும் கரையானிலும் சில ஆண்டுகளே தாங்கும். ஆகவே ஒருமுறை வெட்டியதோடு முடிவதில்லை. போதாக்குறைக்குப் பல்லாண்டுகள் எஞ்சினுக்கும் விறகே தீனி.

குத்தகைதாரர்கள் மலையடிவாரங்களில் புகுந்து, அருகில் நின்றதை எல்லாம் வீழ்த்தினர். இருப்புப்பாதைப் பொறியாளர்களின் தீராத தேவையால் வட ஆர்க்காட்டு மலைகள் மொட்டையாகி வருகின்றன என்று கிளெக்கார்ன் வெளிப்படையாகவே எழுதினார். தம்மை நியமித்த அரசின் பெருமைக்குரிய திட்டத்தைப் பற்றியே இவ்வாறு எழுதுவதற்கு நெஞ்சுரம் வேண்டும்.

வட ஆர்க்காட்டு மலைகள் நமக்குத் தொலைவானவை அல்ல. நந்தி மலையிற் பிறந்து வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் வழியாக வரும் பாலாறு அம்மலைகளின் ஓடைகளை வாங்கிக்கொண்டே வருகிறது. சவ்வாது மலையிற் பிறக்கும் செய்யாறு, காஞ்சியைத் தழுவி வரும் வேகவதியோடும் பாலாற்றோடும் திருமுக்கூடலில் கலக்கிறது. அம்மலைகளில் விழுந்த ஒவ்வொரு மரமும் நம் ஆற்றின் ஊற்றுக்கண்ணில் விழுந்த அடியே. பாலாறு இன்று ஆண்டின் பெரும்பகுதி மணலாய்க் கிடப்பதற்கு மணற்கொள்ளை, தோல் பதனிடும் தொழிலின் கழிவு, அளவின்றி நிலத்தடி நீரை உறிஞ்சுதல், மேற்பகுதியிலேயே நீரைத் தடுத்து நிறுத்துதல் எனக் காரணங்கள் பல உண்டு. பழியனைத்தையும் இரயிலின்மேல் சுமத்துவது நேர்மையன்று. ஆனால் அந்த நீண்ட கதையின் தொடக்க ஏடுகளுள் ஒன்று 1856-ல் எழுதப்பட்டது. அரக்கோணத்திலிருந்து நம் காஞ்சிக்கே இருப்புப்பாதை 1865-ல் வந்து சேர்ந்தது. பட்டும் நெல்லும் விரைந்து வெளியூர் சென்றன. நம் முன்னோர் மகிழ்ந்தனர். பாதையின் அடியிற் கிடந்த மரத்தை எவர் எண்ணினார்?

கிளெக்கார்ன் எண்ணினார். உரிமச் சீட்டின்றி அரசுக் காட்டில் பெருமரங்களை வெட்டலாகாது. முற்றாத மரத்தைத் தொடலாகாது. வெட்டிய இடத்தில் புதிதாக நட வேண்டும். ஊர்கள்தோறும் விறகுக்கெனத் தோப்புகள் வளர்க்க வேண்டும் என்று விதிகளை வகுத்தார். மலையாளக் கரையில் கலெக்டர் கனோலியும் சாத்து மேனோனும் 1840-களில் நிலம்பூரில் நட்டு வளர்த்த தேக்குத் தோட்டம் அவருக்கு நல்ல முன்மாதிரியாய் இருந்தது. குதிரையிலும் கால்நடையாகவும் மாகாணமெங்கும் சுற்றினார். 1858-ல் ஆனைமலையின் உட்பகுதிக்குச் சென்றபோது காடர் இன மக்களே வழிகாட்டினர். இப்பயணங்களின் பயனை எல்லாம் திரட்டி, தென்னிந்தியாவின் காடுகளையும் தோட்டங்களையும் பற்றிய தம் நூலை 1861-ல் இலண்டனில் வெளியிட்டார்.

தினைப்புனமும் அரசாணையும்

இதுவரை கூறியதோடு நிறுத்திவிட்டால், ஒரு புனிதரின் வரலாற்றைப் போல் இது முடிந்துவிடும். உண்மை அவ்வளவு எளிதன்று.

மலைவாழ் மக்கள் ஒரு சரிவில் புதரை வெட்டி எரித்து, சாம்பல் கலந்த மண்ணில் தினையோ கேழ்வரகோ விதைத்து, இரண்டொரு ஆண்டில் வேறிடம் சென்று, பழைய புனத்தைக் காடாக வளரவிடுவது நெடுங்கால வழக்கம். சங்கப் பாடல்கள் கூறும் தினைப்புனமும், பரண் மீதிருந்து கிளி ஓட்டிய குறிஞ்சி மகளும் இவ்வாழ்வின் சித்திரங்களே. மேற்குக் கரைப் பகுதியில் இதனைக் குமரிச் சாகுபடி என்றனர். கிளெக்கார்ன் இதனைக் காட்டின் பெரும் பகையாகவே கண்டார். அவர் கருத்தை ஏற்றுச் சென்னை அரசு, 1860-ல், அரசுக் காடுகளில் அனுமதியின்றிக் குமரிச் சாகுபடி செய்யலாகாது என்று தடுத்தது.

ஒரு புறம் ஆண்டுக்கு 35,000 மரங்களைக் கேட்கும் இரயில்; மறு புறம் வயிற்றுக்குத் தினை விதைக்கும் குடும்பம். தடை யார்மேல் கடுமையாக விழுந்தது என்பதை வாசகரே எண்ணிப் பார்க்கலாம். இரயிலுக்கு விதி வகுக்கப்பட்டது. மலைமகனுக்குத் தடை விதிக்கப்பட்டது. பின்னர் 1865-ல் இந்தியக் காட்டுச் சட்டம், 1878-ல் அதனினும் கடுமையான சட்டம், 1882-ல் சென்னை மாகாணத்துக்கென்றே தனிச் சட்டம் என வரிசையாக வந்தன. ஒதுக்கப்பட்ட காடு என்று எல்லைக்கல் நட்ட மறுநாள், அதுவரை தேன் எடுத்தவர் திருடரானார். ஆடு மேய்த்தவர் அபராதம் கட்டினார். சுள்ளி பொறுக்கிய பெண் காவலரைக் கண்டு ஒளிந்தாள்.

இவ்வநீதியை வரலாற்று அநீதி என்று நம் நாட்டுச் சட்டமே ஒப்புக்கொண்டது 2006-ல்தான். அவ்வாண்டு நிறைவேறிய வன உரிமைச் சட்டம் காடுவாழ் மக்களின் உரிமையை ஏற்றுக்கொண்டது. இடையில் கழிந்தவை ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள், ஐந்தாறு தலைமுறைகள். கிளெக்கார்ன் தீய எண்ணம் கொண்டவரல்லர். தாம் கண்ட அழிவை நிறுத்தவே விழைந்தார். ஆனால் செடியின் பெயரை அம்மக்களிடம் கேட்டறிந்தவர், காட்டை எவ்வாறு காப்பது என்பதையும் அவர்களிடம் கேட்டிருக்கலாம். அதனைக் கேட்கும் வழக்கம் அந்த ஆட்சிக்கு இல்லை. நல்ல நோக்கமும் மிகுந்த அறிவும் உடையோரும், ஏழையைக் கலந்துகொள்ளாது முடிவெடுத்தால் எங்கே போய் நிற்பர் என்பதற்கு இது ஒரு பாடம்.

சீமைக் கருவேலம் வந்த கதை

1860-ல் கிளெக்கார்னுக்குப் பின் சென்னை மாகாணத்தின் பொறுப்பை ஏற்றவர் ரிச்சர்டு ஹென்றி பெட்டோம் என்ற படை அதிகாரி. தென்னிந்தியப் பெரணிகளையும் காட்டு மரங்களையும் படங்களோடு விவரித்த அரிய நூல்களை எழுதியவர். மண்ணுக்குள் வாழும் பாம்புகள், தவளைகள், நத்தைகள் எனப் பல உயிரினங்கள் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றன.

காடு குறைந்து, விறகு அருகிய காலம் அது. விரைவில் வளரும் மரம் வேண்டும். வறண்ட நிலத்திலும் பிழைக்கும் மரம் வேண்டும். நீலகிரியில் ஆஸ்திரேலிய நாட்டுத் தைல மரங்களும் சீகை மரங்களும் பரவின. சென்னை, செங்கற்பட்டுக் கடற்கரை மணலில் சவுக்குத் தோப்புகள் எழுந்தன. சவுக்கு நம் உழவருக்குக் கைகொடுத்தது. இன்றும் பந்தற்கால் என்றால் சவுக்கே. ஆனால் எல்லா விருந்தாளிகளும் அவ்வாறு நடந்துகொள்ளவில்லை. 1876-ல், நம் பெரியோர் தாது வருடப் பஞ்சம் என்று சொல்லி நடுங்கிய அந்தப் பஞ்சம் தொடங்கிய ஆண்டில், அமெரிக்கக் கண்டத்து முள்மரம் ஒன்றின் விதையைத் தருவித்து வறண்ட நிலங்களில் நடலாம் என்று பெட்டோம் அரசுக்கு எழுதினார். மறு ஆண்டு கடப்பை மாவட்டத்துக் கமலாபுரத்தில் அவ்விதை ஊன்றப்பட்டது. அதுவே இன்று நம் ஏரிகளையும் கால்வாய்களையும் தரிசுகளையும் பற்றிக்கொண்டிருக்கும் சீமைக் கருவேலம். பிற்காலத்திலும் பலமுறை அதன் விதை நம் மாநிலத்தில் தூவப்பட்டது. ஏழைக்கு விறகும் கரியும் தந்தது உண்மை. நாட்டுச் செடிகளை அண்டவிடாமல் நீர்நிலைகளை மூடிக்கொண்டதும் உண்மை. அதனை அகற்றும்படி 2017-ல் உயர் நீதிமன்றம் வரை வழக்குச் சென்றதை வாசகர் அறிவர்.

பெட்டோமைப் போல் மரங்களை அறிந்தவர் அந்நாளில் வெகு சிலரே. அத்தகையவரே ஒரு மரத்தின் எதிர்காலத்தைக் கணிக்க முடியாதபோது, ஆழ்ந்து நோக்காமல் எதையும் ஓர் ஊரில் கொண்டுவந்து விதைப்பது எத்துணை அச்சத்துக்குரியது!

விட்ட இடத்திலிருந்து தொட்டவர்கள்

கிளெக்கார்ன் 1861-ல் மணம் புரிந்து, இளம் மனைவியோடு மீண்டும் இந்தியா வந்தார். பஞ்சாபிலும் இமயத்திலும் தேவதாருக் காடுகளை ஆய்ந்து, டீட்ரிச் பிராண்டிஸ் என்ற செருமானிய அறிஞருடன் இணைந்து நாடு முழுவதற்குமான வனத்துறைக்கு அடித்தளம் இட்டார். பின்னர் ஸ்காட்லாந்து திரும்பி, பாட்டனாரின் பண்ணையில் மரம் வளர்த்தும், வனவியற் கல்விக்கு உழைத்தும் வாழ்ந்து, 1895-ஆம் ஆண்டு மே 16-ஆம் நாள் மறைந்தார்.

அவர் தொடங்கிய அறிவுப்பணி நிற்கவில்லை. ஜேம்ஸ் சைக்ஸ் கேம்பிள் என்ற வன அதிகாரி, சென்னை மாகாணத்தின் செடிகொடிகள் அனைத்தையும் தொகுக்கும் பெருநூலை 1915-ல் வெளியிடத் தொடங்கினார். 1925-ல் அவர் காலமானபின் பிஷர் என்பவர் 1936-ல் அதனை நிறைவேற்றினார். அதற்கு அரை நூற்றாண்டுக்குப் பின், திருச்சி தூய வளனார் கல்லூரியில் 1967-ல் இரப்பினாட் உலர்தாவரகத்தை நிறுவிய இயேசு சபைக் குரு கே. எம். மாத்யூ அடிகளார், தமிழகக் கர்நாடகச் சமவெளியின் தாவரங்களைப் பற்றிய தொகுதிகளை 1981 முதல் 1988 வரை வெளியிட்டார். தம் மாணவரையும் உதவியாளரையும் கூட்டிக்கொண்டு, மலை மலையாக, ஓடை ஓடையாக நடந்து, செடிகளைத் திரட்டி, ஒவ்வொன்றையும் படமாக எழுதுவித்தார். வைட்டும் கிளெக்கார்னும் நம் மண்ணின் செடிகளைப் பற்றிய செல்வத்தைக் கடல் கடந்து கொண்டு சென்றனர். அடிகளாரின் தொகுப்போ காவிரிக் கரையிலேயே இருக்கிறது. நம் பிள்ளைகள் சென்று காணலாம்.

நாம் கொள்ள வேண்டுவது

நம் நகரில் ஏகாம்பரநாதர் ஆலயத்தின் மாமரத்தை அறியாதார் இல்லை. 'ஏகாம்பரம்' என்ற பெயருக்கே ஒற்றை மாமரம் என்று பொருள் கூறுவர். ஒரு மரத்தின் பெயரால் ஓர் ஆலயமே விளங்குமாயின், மரத்தைப் போற்றும் பண்பு இம்மண்ணுக்குப் புதிதன்று. ஆனால் பக்தியால் ஒரு மரம் பிழைக்கலாம். ஒரு காடு பிழைக்க வேண்டுமாயின் பக்தியோடு கணக்கும் வேண்டும். கணக்கோடு நீதியும் வேண்டும். கிளெக்கார்னிடம் முதல் இரண்டும் இருந்தன. மூன்றாவது அவருக்கு அகப்படவில்லை. அதனைச் சேர்ப்பது பின்வந்த நம் கடமை.

பெரிய செயல்களை நாம் வாசகரிடம் கேட்கப் போவதில்லை. நாளுக்கு ஒரு செடி என்றானே அந்த இருபத்தைந்து வயது இளைஞன், அதனைக் குடும்பத்தோடு மேற்கொண்டு பாருங்கள். மாலையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு தெருக்கோடி வரை செல்லுங்கள். வேலியோரத்தில் நிற்பது குப்பைமேனியா, ஆவாரையா, நொச்சியா என்று கேளுங்கள். விடை தெரியாவிடில் வீட்டிலுள்ள பாட்டியிடம் கேட்கச் சொல்லுங்கள். அவருக்கு நிச்சயம் தெரியும். தம்மை ஒருவர் கேட்டாரே என்று மகிழவும் செய்வார். இலையைப் பறித்து ஒரு பழைய நோட்டில் ஒட்டி, பெயரும் நாளும் எழுதி வைக்கச் செய்யுங்கள். ஆண்டு முடிவில் முந்நூற்றறுபத்தைந்து செடிகளை அறிந்த பிள்ளை, எந்த மரத்தையும் காரணமின்றி வெட்டவிடாது.

அந்த நோட்டில் மற்றொன்றையும் எழுதச் சொல்லுங்கள். செடியின் பெயரைச் சொல்லிக் கொடுத்தவர் யார் என்பதை. பாட்டியின் பெயர், கீரை விற்கும் அம்மாளின் பெயர், ஆடு மேய்க்கும் பெரியவரின் பெயர் ஆகியவை ஒவ்வொரு செடியின் அருகிலும் இருக்கட்டும். கிளெக்கார்னின் மூவாயிரம் ஓவியங்களிலும் விடுபட்டுப் போனது அதுவே.